நாற்காலி போகும் அகலம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஆண்டவன் காப்பில் நானும் பெரியவளும் இங்கே சுகம். உங்கள் சுகத்தைப் போனில் கேட்டால், "ம், இருக்கேன்" என்கிறீர்கள். அதை வரவில் எழுதுவதா, நிலுவையில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களோடு தங்கியிருக்கும் பெயிண்டர் தம்பி லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரி சரி, சூப்பர்வைசர் கூப்பிடுறான்" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மடித்துச் சட்டைப் பையில் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் படியை நான் மிதித்ததில்லை. சின்னவனுக்கு வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று, அவன் புத்தகத்தில் அவனுக்கு ஒரு பக்கம் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். அதுதான் என் படிப்பெல்லாம்.

முதலில் வீட்டுச் செய்தி. பெரியவளுக்கு நர்ஸ் படிப்பில் இது கடைசி வருஷம். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அம்மா, தண்ணி இருக்கா?" என்பாள். அம்மா சாப்பிட்டாளா என்பது அதற்குப் பிறகுதான். குறையாகச் சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் இப்போது அதுதான் முதல் கேள்வி. என் முழங்கால் பழையபடிதான் இருக்கிறது. ஏறும்போது ஒன்றும் சொல்லாது, இறங்கும்போது பேசும்.

நம் தெருவை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. எதிரே புல் முளைத்துக் கிடந்த காலி இடத்தில் கண்ணாடி வைத்து உயரமாகக் கட்டிவிட்டார்கள். சாயங்கால வெயில் அதில் பட்டு நம் சமையலறைக்குள் அடிக்கிறது. நாம் குடிவந்தபோது பஸ்ஸுக்கு இதுதான் கடைசி ஸ்டாப். இப்போது இங்கே ஆட்கள் இறங்கி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடுகிறது, இன்னும் போக வேண்டிய தூரம் அவ்வளவு. மாடியில் இருக்கும் நம் கண்டக்டர் அண்ணன் சொல்கிறார்: "அப்ப ஊருக்கு வாலா இருந்தோம் தங்கச்சி. இப்ப வயிறாயிட்டோம். அதான் எவ்வளவு ஊத்தினாலும் பத்தல." ரிட்டயர் ஆகி இத்தனை நாளாகியும் அவருக்குப் பேச்சு குறையவில்லை. ஆனால் விசில் மட்டும் அடிப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் குறைகிறது என்று போனில் சொல்லியிருந்தேன். குறைவது முடிந்து, இப்போது இல்லை. மோட்டாரைப் போட்டால் காற்றுதான் இருமிக்கொண்டு வருகிறது. இன்னும் ஆழமாகத் துளை போட்டார்கள், கொஞ்ச நாள் வந்தது, பிறகு அதுவும் நின்றது. லாரித் தண்ணீர்தான். எதிர்க் கட்டடத்துக்கு ஊற்றிவிட்டு மிச்சம் இருந்தால் நமக்கு. கட்டடத்துப் பொதுக் கணக்கை இப்போதும் நான்தான் எழுதுகிறேன். முன்பெல்லாம் பல்பு, துடைப்பம், பெயிண்ட் என்று வகை வகையாகச் செலவு இருக்கும். இப்போது பக்கம் முழுக்க ஒரே செலவு. எழுதக்கூட அலுப்பாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் நல்லவர்கள். லாரி வந்தால் முதல் குடம் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு என்று யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. துணி அலசிய தண்ணீரைக் கீழே ஊற்றாமல் கழிவறைக்கு எடுத்து வைக்கிறார்கள். மேல்மாடியில் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவானே, நாம் வக்கீல் என்று பெயர் வைத்த பையன், அவன் கண்டக்டர் அண்ணன் வீட்டுக்கு இரண்டு குடம் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறான். தூக்கும்போதும் வாய் ஓயாது. "இது என் கடமை இல்ல, சும்மா செய்யறேன், ரெக்கார்டுல வச்சுக்கங்க" என்பான்.

லாரி வந்துவிட்டது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

நேற்று உட்கார முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதில் இடுப்பு விட்டுப்போயிற்று. இப்போது பிரார்த்தனை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நிலத்தடித் தண்ணீர் பார்க்கும் இஞ்சினியர் பொண்ணு ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னப் பொண்ணு, தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். கட்டடத்தைச் சுற்றினாள், மொட்டை மாடிக் குழாய்களைப் பார்த்தாள், கடைசியில் நம் வாசல் முற்றத்தில் வந்து நின்று, "இந்தக் கல்லுத் தரை எப்ப போட்டது?" என்று கேட்டாள். கண்டக்டர் அண்ணன் சட்டென்று, "அது இருக்கட்டும்மா, நீ வேற வழி சொல்லு" என்றார். வேறு வழியா என்று அந்தப் பொண்ணு சிரித்தாள். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய படிப்புக்காரர்கள் பேச்சு, நமக்கென்ன என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

போன மாதம் காலம் தப்பி ஒரு மழை. பகலில்தான் கொட்டியது. நான் ஜன்னலோரம் நின்று ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் போட்ட தரைக்கு நீங்கள் கொடுத்த வாட்டம் அவ்வளவு சுத்தம். ஒரு சொட்டு நிற்காமல், கம்பளத்தைச் சுருட்டுகிற மாதிரி தண்ணீர் அப்படியே கேட்டுக்குப் போய், கேட்டைத் தாண்டிக் கீழ்த்தெருவில் இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மழை விட்டதும் கீழ்த்தெருவில் இஸ்திரி போடும் அக்கா ஒரு மூட்டையோடு வந்தாள். மூட்டையை முற்றத்தில் போட்டு அவிழ்த்தாள். ஊரார் துணி, தேய்த்து மடித்தது, அத்தனையும் சேறு. "பாத்துக்கங்க. இதுக்கெல்லாம் நான் யாருக்குன்னு பதில் சொல்றது? குடிக்க இல்லன்னு லாரி லாரியா வாங்குறீங்க. வானம் சும்மா கொடுக்கறத எங்க வீட்டுக்குள்ள அனுப்பி வைக்கிறீங்க. உங்க தண்ணிய உங்க வாசல்ல வச்சுக்க உங்களுக்கு என்ன வலிக்குது?" என்றாள். கண்டக்டர் அண்ணன் இறங்கி ஓடிவந்து, "மெதுவா பேசு தாயி, உள்ள காதுல விழும்" என்றார். அதில்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "விழட்டுமே. செத்துப்போன புள்ளைக்காகக் கல்லு போட்டு மூடி வச்சிருக்கீங்க. எம் புள்ளைங்க உசுரோட கட்டில் மேல ஏறி உக்காந்திருக்குதுங்க."

நான் ஜன்னலிலேயே நின்றிருந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். குனிந்து துணிகளை வாரிக்கொண்டு, "நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நீங்கள் இதைப் படித்துக் கோபப்படுவீர்கள். படாதீர்கள். நான் மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசற்படிக்கு மேலே என் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஈரக் கோடு. இஸ்திரி மேஜையின் காலுக்குச் செங்கல் வைத்திருந்தாள். பிள்ளைகளின் புத்தகங்களைக் கொடியில் துணி மாதிரி தொங்கவிட்டிருந்தாள். வாய் தவறி வந்துவிட்டது என்று அழுதாள். வாய் தவறவில்லை, நீ சொன்ன பிறகுதான் எனக்குக் காது கேட்டது என்றேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் கட்டில் மேல் உட்கார்ந்து குடித்தோம், தரை இன்னும் காயவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. தரை போட்டதற்குப் பிறகுதான் கிணறு வற்ற ஆரம்பித்தது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்க இந்த இடத்தில் மண் என்று இருந்தது நம் முற்றம் ஒன்றுதான். இது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கூட்டம் போட்டால் இன்னும் ஆழத் தோண்டலாம், பெரிய தொட்டி கட்டலாம், லாரிக்காரனை மாற்றலாம் என்று என்னென்னவோ பேசுவார்கள். இந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எந்த வாதத்தையும் விடாத அந்த வக்கீல் பையன்கூட இதில் வாயைத் திறக்கவில்லை. நம் மனம் நோகக்கூடாது என்று இத்தனை குடும்பமும் மாடிப்படியில் குடம் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவர்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்தது அழுகை இல்லை. ஒரு அசதி. அடுப்புப் பக்கமே போகவில்லை.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நாம் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

சின்னவனுக்கு அந்த முற்றம்தான் உலகம். மண்தரை. மழை பெய்துவிட்டால் அவன் நாற்காலிச் சக்கரம் புதைந்துவிடும். கண்டக்டர் அண்ணன் பின்னால் நின்று தள்ளி, விசில் அடித்து, "போலாம் ரைட்" என்பார். இவன் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு கேட் வரை போய்த் திரும்புவான். அதனால்தான் கட்டடமே அவனை டிரைவர் என்று கூப்பிட்டது. சக்கரம் சிக்கினால், "வண்டி பிரேக்டவுன், எல்லாரும் இறங்கித் தள்ளுங்க" என்று நம்மையே அதிகாரம் பண்ணுவான். நீங்கள் போனில், "அடுத்த லீவுல வந்து, குலுங்காம ஓடுற மாதிரி தரை போட்டுத் தர்றேண்டா" என்று அவனிடம் சொன்னீர்கள். அவன் அதை எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். ரோடு வேலை நடக்கப்போகிறது, வண்டிகளை ஓரமாக நிறுத்துங்கள் என்று அறிவிப்புக்கூடக் கொடுத்தான்.

அந்த லீவு வருவதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது. நீங்கள் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. நீங்கள் வீட்டுக்குள் ஒரு நாள் உட்கார்ந்தீர்கள். மறுநாள் கருவிப் பெட்டியைத் திறந்தீர்கள். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கினீர்கள், நூல் பிடித்தீர்கள், கலவை பரப்பிக் கல் பதித்து, இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசினீர்கள். உதவிக்கு வந்தவர்களை ஒரு கையசைப்பில் திருப்பி அனுப்பினீர்கள். லீவு முழுக்க உங்களை நான் முட்டி போட்ட நிலையில்தான் பார்த்தேன். டீ கொண்டுவந்து பக்கத்தில் வைப்பேன். ஆறியதை எடுத்துக்கொண்டு போவேன். நமக்கு நடுவில் அந்தத் தரை வளர்ந்துகொண்டே வந்தது. கடைசிக் கல் காய்ந்த மறுநாள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வந்த லீவுகளையெல்லாம் ஓவர்டைம் என்று எழுதிக்கொடுத்துவிட்டீர்கள். பணம் தவறாமல் வருகிறது. நான் அதைச் சொல்லவில்லை.

அவன் சக்கரம் அந்தத் தரையில் ஒரு தடவைகூட ஓடவில்லை.

இஸ்திரி அக்கா வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், உங்கள் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு, முற்றத்தின் மூலையில் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை, உங்களையும் கேட்கவில்லை. எனக்கு வேலை தெரியாது. கல்லோடு கலவையும் பாளமாக வந்தது, கடைசி அடியில் கல் இரண்டாக உடைந்துபோயிற்று. அந்த இரண்டு துண்டையும் துடைத்து, நான் பிரார்த்தனை செய்யும் இடத்தில் வைத்திருக்கிறேன். அடியில் இருந்த மண்ணைக் கையில் எடுத்தேன். மாவு மாதிரி வெளுத்திருந்தது. ஒரு புழு இல்லை, ஒரு வேர் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு சொம்பு பக்கத்தில் இருந்தது. ஊற்றினேன். சத்தம் போட்டுக் குடித்தது. இன்னொரு சொம்பு ஊற்றினேன், அதையும் குடித்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆண்டவன் தண்ணீர் தரவில்லை என்று எத்தனை நாள் முறையிட்டிருப்பேன். அவன் தராமல் இல்லை. தந்ததை நாம் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரமே கூட்டத்தில் நானே எழுந்து, முற்றத்தைத் திறந்துவிடலாம் என்று சொன்னேன். கண்டக்டர் அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வக்கீல் பையன், "அக்கா, இது நீங்க சுயமா எடுத்த முடிவா, யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று கேட்டான். பிறகு அந்த இஞ்சினியர் பொண்ணை மறுபடி கூப்பிட்டார்கள். தரையை எடுத்துவிட்டு மண்ணைக் கிளறிச் செடி வைக்க வேண்டும், மூலையில் குழி தோண்டிக் கருங்கல் சல்லி நிரப்பி மொட்டை மாடித் தண்ணீரை அதில் விட வேண்டும் என்றாள். ஒரே மழையில் கிணறு நிறைந்துவிடாதாம், இரண்டு மூன்று மழைக்காலம் பொறுக்க வேண்டுமாம். பொறுக்கலாம், அதில் நமக்குப் பழக்கம்தான். பெயர்த்த கற்களை இஸ்திரி அக்காவுக்கும் அவள் வரிசை வீடுகளுக்கும் வாசற்படி உயர்த்தக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்றும் கேட்டேன். மாடிப்படி அடியிலிருந்து கேட் வரை ஒரு பாதை மட்டும் அப்படியே இருக்கட்டும், நாற்காலி போகும் அகலத்துக்கு. அதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. "இருக்கட்டும் தங்கச்சி. என் கால் போற போக்குல எனக்கும் சக்கரம்தான்" என்றார் கண்டக்டர் அண்ணன்.

அகலம் எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால் மாடிப்படிக்கு அடியில் மூடி வைத்திருந்த அவன் நாற்காலியை வெளியே எடுத்தோம். தூசி தட்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். பெரியவள் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வர, கண்டக்டர் அண்ணன் தள்ளிக்கொண்டு போனார். வெறும் நாற்காலிதான். கேட் வரை போயிற்று. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. நீங்கள் அவனுக்குச் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறீர்கள். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முக்கியமாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கேட்டில் வந்து நின்றதும் அண்ணன் விரலை வாய்வரை கொண்டுபோனார். விசில் வரவில்லை. "ரைட்" என்று மட்டும் சொன்னார், எங்களுக்குக் கேட்கிற அளவுக்கு.

இப்போது நான் உங்களிடம் கேட்பது. மழைக்காலம் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்குள் தரையை எடுக்க வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு காண்டிராக்டர் வந்து பார்த்தார். மிஷின் வைத்தால் அரை நாள் வேலை, ஆனால் கல் ஒன்றும் முழுசாகத் தேறாது, பாதைக் கல்லிலும் விரிசல் விடும் என்கிறார். "இத ஒட்டினவன் சாதாரண ஆள் இல்லம்மா. முழுசா எடுக்கணும்னா அவனையே கூப்பிடு" என்றார். ஒட்டியது யார் என்று அவருக்குத் தெரியாது.

நீங்கள் வாருங்கள். உங்கள் கையால் பதித்ததை மிஷின் உடைக்க வேண்டாம். இந்தத் தடவை நீங்கள் தனியாக முட்டி போட வேண்டியதில்லை. எந்தக் கல்லை எப்படி நெம்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கி அடுக்குகிறேன். டீயும் இரண்டு டம்ளரில் கொண்டுவருகிறேன். வர முடியாது என்றால் அதையாவது காகிதத்தில் எழுதி அனுப்புங்கள், போனில் சொல்லாதீர்கள். அப்படியானால் முதல் மழைக்கு முன் நானே உளியை எடுப்பேன். உடைகிற கல் உடையட்டும். ஆனால் அவனுக்காகப் போட்டதை இரண்டு பேருமாக எடுத்தால்தான், அவன் இல்லை என்பது நம் இரண்டு பேருக்கும் பொதுவாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனை நாளும் அதை ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ரசமட்டத்தை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் குமிழி இன்னும் நடுவில்தான் நிற்கிறது.

வழியெல்லாம் ஆண்டவன் உங்களுக்குத் துணையாக வரட்டும். உங்கள் முட்டிக்கும் கைக்கும் நோவு வராமல் அவன் காக்கட்டும். கேட்டைப் பூட்டாமல் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சின்னவனின் அம்மா